ஆவக்காய்ச் சூடு

அன்னக்கிளி மாங்காய்த் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய காய்கள். கழுவி, வேட்டியில் பரப்பி உலர்த்தி, கட்டையில் பூட்டிய பெரிய கத்தியால் ஓட்டோடு வெட்டிக் குவித்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் உரித்து, துணியால் துடைத்துத் தாம்பாளத்தில் போட வேண்டும். பக்கத்தில் சுமதி மிளகாய்ப்பொடி சலித்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரைக்குக் கீழே எல்லோருடைய கண்ணும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மணையிலிருந்து கொஞ்சம் எக்கித் தாம்பாளத்தை இழுத்தபோது, அன்னக்கிளிக்கு அடிவயிற்றில் ஒரு கனம் இறங்கியது. அப்படியே அசையாமல் உட்கார்ந்தாள். கருநீலப் புடவைதான் உடுத்தியிருந்தாள். உகாதி கழிந்ததிலிருந்தே அவள் வெளிர் நிறத்தில் எதையும் உடுத்துவதில்லை. இருந்தாலும் புடவையை இழுத்துப் பின்பக்கம் ஒரு முறை சரிசெய்துகொண்டாள். வேதவல்லியம்மா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹவ், ஹவ், ஆமாம்மா, எல்லாம் அந்த வயசு தாண்டினவங்கதான். சின்னப் பொண்ணுங்களை நான் கேட்டுக்குள்ளயே விடறதில்லம்மா. தைரியமா ஆர்டர் போடு."

கொண்டாப்பூரில் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் வேதவல்லியம்மாவின் வாடிக்கை. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, அல்வாலில் வீடு கட்டி, கணவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஊறுகாய்த் தொழிலை ஆரம்பித்தவர் அவர். ஜாடியின் மேல் ஒட்டும் சீட்டில் 'மூத்த பெண்களின் தூய கரங்களால்' என்று அச்சடித்திருந்தது. ஆவக்காய் போடும் இடத்துக்கு வீட்டுக்கு விலக்கான பெண் வந்தாலே ஜாடி கெட்டுப்போகும் என்பது, இந்த ஊரில் தெலுங்குக்காரர்களும் தமிழர்களும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். ஆகவே வேலைக்கு ஆள் எடுக்கும்போது வேதவல்லியம்மா படிப்பு கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார். "நின்னு எவ்ளோ நாளாச்சு?" என்று மட்டும்தான் கேட்பார்.

மற்ற இடங்களில் வயது ஏறினால் வேலை போகும். இங்கே ஏறினால்தான் கிடைக்கும். லாலாகூடா ரயில்வே காலனியைச் சுற்றிப் பல வீடுகளில் பாத்திரம் தேய்த்து முட்டி தேய்ந்துபோன அன்னக்கிளிக்கு, உட்கார்ந்தபடியே செய்கிற இந்த வேலை கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷம். உடம்பில் ஒன்று நின்றுபோனதற்கு ஒரு பலனும் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். கணவர் நடேசன், ரயில் பெட்டிகளுக்குக் கான்ட்ராக்டில் பெயின்ட் அடித்து நுரையீரல் கெட்டு வீட்டோடு இருப்பவர், அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி பேப்பரைத் திருப்பினார்.

அப்படி நின்றுபோனதுதான் இப்போது திரும்பி வந்திருந்தது. முதல் நாள் பார்த்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மனதின் ஓரத்தில் ஒரு சின்னக் குறுகுறுப்புகூட வந்தது, உடம்புக்கு இன்னும் இளமை மிச்சமிருக்கிறதோ என்று. பயம் அடுத்த நாள் கொட்டகைக்குள் கால் வைத்தபோதுதான் வந்தது. அன்று தான் கலந்த ஜாடியை மனதில் குறித்து வைத்துக்கொண்டு, தினமும் அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பூஞ்சை இல்லை, புளித்த வாடை இல்லை, எண்ணெய் மேலே தெளிந்து நின்று மணத்தது. ஜாடி கொண்டாப்பூருக்குப் போய், நன்றாக இருந்தது என்று செய்தியும் வந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷம் எதற்கு ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்தோம் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த ஒரு தடவையோடு போயிருந்தால் மறந்திருப்பாள். சில நாள் விட்டு மறுபடி வந்தது. சொட்டாக வந்து நின்றது, பிறகு நன்றாகவே பட்டது. முன்பு போல மாதத்துக்கு ஒரு தடவை என்ற ஒழுங்கும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அன்னக்கிளி கடைசியாக எழுந்தாள். சுமதி அவளுக்காகக் காத்து நின்றாள்.

"அக்கா, உட்கார்ந்த மணையை இன்னாத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும். போன வாரமே பாத்தேன்." சுமதி குரலைத் தாழ்த்தினாள். "திரும்ப வந்துடுச்சா?"

அன்னக்கிளி முந்தானையால் மணையை இன்னொரு தடவை துடைத்தாள். சுமதிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இது சூடுக்கா. ஆவக்காய்ச் சூடு. மாங்காய், மிளகாய், கடுகு, மேல தகரம். இதுல உடம்பு கொதிக்காம என்ன செய்யும்? வெந்தயத்தை ஊறவெச்சு மோர்ல போட்டுக் குடி. சீசன் முடிஞ்சா தன்னால நின்னுடும். போன வருஷம் மூலையில உட்கார்ந்து பூண்டு உரிச்சுதே ஒரு அக்கா, அதுக்கும் இப்படித்தான்."

"அந்தக்கா இப்ப எங்க?"

"வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிடுச்சு. தெரியல." சுமதி அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. "ஆனா ஒண்ணுக்கா, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாத. போனா எடுத்துடுவாங்க. என்னைப் பாரு."

சுமதிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று ஊர்ப்பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனவளை, விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்று மிரட்டி, அந்த வாரமே கர்ப்பப்பையை எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து எலும்பு வலியும் திடீர் திடீரென்று வியர்வையும். அந்த வயதில் அவள் இந்தக் கொட்டகைக்குள் நுழைய முடிந்ததும் அதனால்தான்.

அன்னக்கிளி வெந்தயம் குடித்தாள். இளநீர் குடித்தாள். காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டாள். நிற்கவில்லை.

வீட்டில் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் அவளுடைய கஞ்சத்தனம். தனக்கென்று கடையில் போய் நாப்கின் கேட்க வெட்கப்பட்டு, மகள் காஞ்சனாவின் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவள். புருஷனோடு ஒத்துவராமல் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டவள். வாயில் தெலுங்கும் இந்தியும் தமிழும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டுதான் வெளியே வரும்.

"மா, என் பாக்கெட் கைக்கு, எதுக்கு இவ்ளோ சீக்கிரம் காலி ஆவுது?" என்றாள் ஒரு சாயங்காலம், காலிப் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு. "இந்த வீட்டுல நானும் நீயும்தான் பொம்பளைங்க. அப்பா எடுக்க மாட்டாரு."

நடேசன் எழுந்து சட்டையைத் தேடினார்.

"எண்ணெய் துடைக்க எடுத்தேன்," என்றாள் அன்னக்கிளி.

"பொய் நக்கோ, சொல்லாத மா. கண்ணைப் பாத்துச் சொல்லு."

அன்னக்கிளி சொன்னாள். சூடு என்றாள். ஆவக்காய் சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்றாள். காஞ்சனா பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க ஆபீஸ்ல மேடம்களுக்கு ஒரு லேடி டாக்டர் வந்து பேசுனாங்க. நான் டீ கப் எடுக்கப் போனேன். அவங்க சொன்னதைக் கேட்டுட்டு அங்கயே நின்னேன், சூப்பர்வைசர் வந்து திட்டற வரைக்கும். ஒரு வருஷம் வராம நின்னுபோச்சுன்னா, அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் அது பீரியட் இல்லையாம். ஒரு சொட்டு மா. ரெண்டாவது தடவை வருதான்னு பாத்துட்டு இருக்கக் கூடாதாம். உனக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு!"

"வலியே இல்லடி."

"வலி இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்லையாம். அதையும் சொன்னாங்க."

"போனா எடுத்துடுவாங்க. வேலையும் போயிடும்."

"வேலை போனா வேற வேலை. நீ போனா எனக்கு வேற அம்மா கிடைப்பாளா?" என்று கத்தினாள் காஞ்சனா. அடுத்த வீட்டில் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அதுவரை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நடேசன் வாசலில் நின்று இருமினார். "காலையில ஆட்டோ சொல்லிட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வேதவல்லியம்மாவிடம் லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. உறவில் சாவு என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அதற்கும் ஒரு தீட்டு வைத்துப் பல நாள் வர வேண்டாம் என்றுவிடுவார். கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவின் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். களைத்துப்போன முகம். தெலுங்கில்தான் பேசினார். அன்னக்கிளி வாயைத் திறப்பதற்குள் காஞ்சனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் அவளைக் கையமர்த்திவிட்டு அன்னக்கிளியைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. முதல்ல எப்ப பாத்தீங்க?"

"உகாதி முடிஞ்ச கையோட. ஆவக்காய்ச் சூடுன்னு நினைச்சேன்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "சூடுன்னு ஒருத்தர் வர்றாங்க, வயசு திரும்புதுன்னு ஒருத்தர் வர்றாங்க, நேர்த்திக்கடன் செய்யலைன்னு ஒருத்தர் வர்றாங்க. எல்லாரும் தாமதமா வர்றாங்க. நின்ன பிறகு வர்ற ரத்தம் மாசவிலக்கு கிடையாதும்மா. பல பேருக்கு அது பெரிய விஷயமா இருக்காது. உள்சுவர் வறண்டுபோயிருக்கும், சின்னச் சதை வளர்ந்திருக்கும். சில பேருக்குப் புத்துநோயோட முதல் அடையாளமே அதுதான். எதுன்னு பாக்காம எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"எடுத்துடுவீங்களா?" என்றாள் அன்னக்கிளி.

"எதை?"

"கர்ப்பப்பையை. எங்க கூட வேலை செய்யற பொண்ணுக்கு உடனே எடுத்துட்டாங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். "முதல்ல ஸ்கேன். அப்புறம் உள்ளேயிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். அது வர்றதுக்கு முன்னால நான் எதையும் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா ஏன்னு உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் எடுப்பேன். யாராவது அப்படிச் சொல்லாம எடுக்கறேன்னா, எழுந்து வந்துடுங்க."

பிறகு, எதிர்பாராமல், காஞ்சனாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி?"

"எனக்கு நார்மல்தான் மேடம். எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா? மணிக்கு ஒரு தடவை மாத்த வேண்டியிருக்கா?"

காஞ்சனா தயங்கினாள். "சில நாள். கட்டி கட்டியா விழும். வாரம் தாண்டியும் போகும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். பழகிப்போச்சு மேடம்."

டாக்டர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது. "பழகிப்போனதெல்லாம் நார்மல் ஆயிடாது. ரத்தம் எவ்ளோ இருக்குன்னு இன்னைக்கே டெஸ்ட் குடுத்துட்டுப் போ." அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தவள் இப்போது அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அன்னக்கிளிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் மகளின் காதைப் பிடித்துத் திருகினாள்.

ஸ்கேனில் உள்சுவர் தடித்திருந்தது. சதை எடுத்தபோது வலித்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. முடிவு வரும்வரை அவள் கொட்டகைக்குப் போய் மாங்காய் துடைத்தாள், எண்ணெய் ஊற்றினாள், கலந்தாள். முடிவைச் சொல்லும்போது டாக்டர் அவளை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். புற்று இன்னும் ஆகவில்லை. ஆனால் அணுக்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டன. இந்த வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. எடுத்தபின் ஒருமுறை முழுக்கப் பரிசோதித்து உறுதி செய்துகொள்வார்கள்.

"லேட்டா வந்துட்டேனாம்மா?"

"இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனா லேட் ஆகல. அடுத்த வருஷம் ஆவக்காய் சீசன் வரைக்கும் பாத்துட்டு இருந்தீங்கன்னா, அது லேட்."

அன்னக்கிளி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நடேசன் வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீடு திரும்பும் வழி முழுவதும் ஆட்டோவில் அவள் கையை அவர் விடவில்லை.

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்குள் நுழையும்போது, கொண்டாப்பூருக்குப் போகிற ஜாடிகள் சுவரோரமாகச் சீட்டு ஒட்டி வரிசையாக நின்றன. ஜாடிகளை ஏற்றிப்போகிற டிரைவர் கிரியின் சரக்கு ஆட்டோ கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தது. வேதவல்லியம்மா ஒரு ஜாடியின் மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, பொண்ணுக்குக் காய்ச்சல் இன்னுமா விடல? இத்தனை தடவையா லீவு போடுவே?"

"பொண்ணுக்கு இல்லம்மா. எனக்குத்தான் உடம்பு சரியில்ல. ஆபரேஷன் சொல்லியிருக்காங்க." அன்னக்கிளி முழுவதையும் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். நோய் என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு அதில் மறைக்க ஒன்றும் இல்லை என்று அவள் நினைத்தாள். "நின்னது திரும்ப வந்துச்சு. அது மாசவிலக்கு இல்லையாம், வியாதியாம். நல்லவேளை, புத்து ஆகறதுக்கு முன்னால கண்டுபிடிச்சாங்க."

வேதவல்லியம்மாவின் கை கட்டிக்கொண்டிருந்த கயிற்றில் அப்படியே நின்றது. "எப்பலேர்ந்து?"

"உகாதிலேர்ந்து."

"உகாதிலேர்ந்தா?" அவர் சுவரோரம் நின்ற ஜாடிகளைப் பார்த்தார். சீசன் முழுவதும் அன்னக்கிளி கலந்ததுதான். அந்தக் கைப்பதம் வேறு யாருக்கும் வராது என்று அவரே கொண்டாப்பூரில் இருக்கும் தன் மகள் வீட்டில் சொல்லியிருக்கிறார். அங்கே பேரன் அபிநவ் இந்த ஆவக்காய் இல்லாமல் சோற்றைத் தொடமாட்டான். "அடிப்பாவி. ஒரு வார்த்தை சொல்லலையே நீ. எந்த நம்பிக்கையில உன்னை உள்ள விட்டேன்! மெதுவாப் பேசு. கிரி வெளியில நிக்கறான்."

"மெதுவாப் பேசித்தான்மா இத்தனை நாள் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் மெதுவாப் பேசியிருந்தா புத்தாயிருக்கும்."

கொட்டகையில் இருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வேதவல்லியம்மா அவள் கிட்டே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது தலைசுற்றினால் தானே மோர் கலந்து கொண்டுவந்து கொடுப்பவர். இப்போதும் குரலைச் சமாதானமாகத்தான் வைத்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். நான் யார்கிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத. ஆபரேஷன் பண்ணிக்கோ. எடுத்துட்டா இன்னும் நல்லதுதானே? அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்ல, யாரும் ஒண்ணும் கேட்க முடியாது. சுமதியும் அப்படித்தானே உள்ள வந்தா? அடுத்த சீசனுக்கு உனக்கு இடம் வெச்சிருக்கேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

அன்னக்கிளிக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. "என் உயிரு பொழைக்கறதுக்காக எடுக்கறாங்கம்மா. உங்க ஊறுகாய்க்காக இல்ல."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உகாதிலேர்ந்து இந்தக் கைதான் கலந்துது. எந்த ஜாடி கெட்டுச்சு? எந்த வீட்டுலேர்ந்து திருப்பி அனுப்புனாங்க?"

வேதவல்லியம்மா பக்கத்து ஜாடியின் சீட்டை விரலால் நீவிவிட்டார்.

"கெட்டுச்சுன்னா கொட்டிடுங்க. இப்பவே, இங்கயே, என் கண் முன்னால கொட்டுங்க. நானும் தூக்கிவிடறேன். கெடலைன்னா, நான் தொட்டதால ஒண்ணும் ஆகலைன்னு இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்கம்மா."

"வியாபாரம் அன்னக்கிளி. உனக்குத் தெரியாது. ஒருத்தி காதுக்குப் போனா அத்தனை பேரும் நின்னுடுவாங்க. அப்புறம் இவங்களுக்கெல்லாம் வேலை ஏது?"

"போன வருஷம் பூண்டு உரிச்ச அக்காவும் இதனாலதான் போச்சா? அதை யாரும் டாக்டர்கிட்ட போன்னு சொல்லலையே. நானும் சொல்லல. சூடுன்னு சொன்னோம்."

சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சுமதி எழுந்து வந்தாள். அவள் வேதவல்லியம்மாவைப் பார்க்கவில்லை.

"அக்கா, உனக்கு ஏதாவது டெஸ்ட் பாத்துட்டுத்தான் ஆபரேஷன் சொன்னாங்களா?"

"ஆமாண்டி. முதல்ல ஸ்கேன், அப்புறம் சதை எடுத்து. ஏன் எடுக்கறோம்னு சொன்னாங்க. படம் வரைஞ்சு காமிச்சாங்க."

"எனக்கு ஒண்ணுமே பாக்கலையே," என்றாள் சுமதி. "வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. அவ்ளோதான்." முகத்தில் ஒட்டியிருந்த மிளகாய்ப்பொடியோடு அவள் அங்கேயே நின்றாள்.

"நீ வா, அந்த டாக்டரைப் பாக்கலாம். எலும்பு வலிக்காவது மருந்து கேக்கலாம்," என்றாள் அன்னக்கிளி. பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "உங்க எல்லாருக்கும்தான் சொல்றேன். நின்னது திரும்ப வந்தா சூடு இல்ல. யாருக்கு வந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் கூட வரேன். வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டு உட்காராதீங்க."

யாரும் தலையை ஆட்டவில்லை. ஆனால் மூலையில் எண்ணெய் அளந்துகொண்டிருந்த வயதான பெண் ஒருத்தி, வேதவல்லியம்மா பார்க்காதபோது, "உன் நம்பர் என்கிட்ட இல்லியே" என்று மெல்லக் கேட்டாள். அன்னக்கிளி அதையும் சத்தமாகவே சொன்னாள்.

"போதும். கிளம்பு," என்றார் வேதவல்லியம்மா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே போய் ஒரு வாளியில் மஞ்சள் கரைத்து எடுத்து வந்து சுமதியிடம் நீட்டினார். "அவ உட்கார்ந்த இடத்தைக் கழுவி விடு."

சுமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு முட்டி வலிக்குதும்மா. குனிய முடியாது."

வேதவல்லியம்மா புடவையைச் செருகிக்கொண்டு, அன்னக்கிளி உட்கார்ந்திருந்த மணையின் மேலும் அதைச் சுற்றியும் தானே ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் சிமெண்ட் தரையில் பரவி ஜாடிகளை நோக்கி ஓடியது.

"கிரி, சீக்கிரம் ஏத்து," என்று அவர் கத்தினார். "அடியில ஈரம் பட்டா சீட்டு கிழிஞ்சுடும்."

அன்னக்கிளி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் ஆட்டோவின் பக்கத்தில் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"இன்னும் ஏன் நிக்கற? வீட்டுக்குப் போ," என்றார் வேதவல்லியம்மா, அவளை நேராகப் பார்க்காமல்.

"எல்லாத்தையும் ஏத்தட்டும். பாத்துட்டுத்தான் போவேன்."

கிரியும் பெண்களும் ஜாடிகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வழுக்கிவிடாமல் மஞ்சள் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். அன்னக்கிளி கலந்த ஆவக்காய் ஒவ்வொரு ஜாடியாக அவளைக் கடந்து ஆட்டோவில் ஏறியது. வேதவல்லியம்மா கடைசி ஜாடியைத் தன் கையாலேயே கொண்டுவந்து, சீட்டின் மேல் தெறித்திருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்துவிட்டு, உள்ளே வைத்தார்.